வாசிக்கப்படாத அறிக்கை

ஹென்ரிக் இப்சனின் 'மக்கள் பகைவன்' நாடகத்தை நான் முதன்முதலில் படித்தது குருமடத்தில் இறையியல் பயின்ற நாட்களில். நூலகத்தின் ஆங்கிலப் படி ஒன்று பலர் கைப்பட்டு, அட்டை கழன்ற நிலையில் என்னிடம் வந்து சேர்ந்தது. ஊரே திரண்டு ஒருவர் மேல் கல்லெறிய, அவர் மட்டும் உண்மையின் பக்கம் நிற்கும் காட்சி இளமனங்களுக்கு எத்துணை இனிப்பானது! நாடகத்தின் நாயகரான மருத்துவர் ஸ்டாக்மன் எங்களுக்கும் நாயகரானார். அவரைப்போல் பேச வேண்டும், அவரைப்போல் தனித்து நிற்க வேண்டும் என்று விளக்கணைந்த பின்னும் நண்பர்கள் பேசிக்கொண்டிருந்தோம். சிறு நகரங்களில் பல ஆண்டுகள் பணியாற்றிய பிறகு, அண்மையில் அதே நாடகத்தை மீண்டும் எடுத்தேன். அன்று கவனியாமல் கடந்துபோன ஓரிடத்தில் இன்று கண் நின்றுவிட்டது. அந்த இடத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

1882ஆம் ஆண்டு வெளிவந்த இந்நாடகத்தின் களம் நார்வே நாட்டுக் கடற்கரையில் உள்ள ஒரு சிறு நகரம். அந்நகரம் தன் எதிர்காலம் முழுவதையும் ஒரு குளியல் நிலையத்தின்மேல் வைத்திருக்கிறது. நோயாளிகளும் ஓய்வு நாடுவோரும் கோடையில் வந்து தங்குகின்றனர், வீடுகளின் மதிப்பு ஏறுகிறது, கடைத்தெரு செழிக்கிறது. நிலையத்தின் மருத்துவ அலுவலர் தாமஸ் ஸ்டாக்மன். அவருடைய அண்ணன் பீட்டர் ஸ்டாக்மன் நகரத் தலைவர். காவல்துறைக்கும் அவரே தலைவர். குளியல் நிலைய ஆட்சிக்குழுவுக்கும் அவரே தலைவர். முந்தைய கோடையில் வந்தவர்களுள் சிலருக்குக் குடற்காய்ச்சல் கண்டது. ஐயுற்ற மருத்துவர் தண்ணீரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் செய்கிறார். குடிக்கவும் ஆகாது, குளிக்கவும் ஆகாது என்று முடிவு வருகிறது. மேட்டுப்பகுதியில் உள்ள தோல் பதனிடும் கூடங்களின் கழிவு குழாய் நீரில் கலக்கிறது. குழாய்களை இன்னும் மேலே பதிக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே மருத்துவர் சொல்லியிருந்தார்; நிலையத்தை அமைத்தவர்கள் அதைக் கேட்கவில்லை.

இவ்வளவும் முதல் அங்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. எஞ்சிய நான்கு அங்கங்களும், தெரிந்த உண்மை மக்களை ஏன் சென்றடையவில்லை என்பதையே சொல்கின்றன. நகராட்சியைப் பற்றிய நாடகங்களுள் இது இன்றும் முதன்மையானதாக நிற்பதற்குக் காரணம் இதுதான் என்பேன். திருட்டையும் கையூட்டையும் காட்டுவது எளிது. இப்சனின் நகரத் தலைவர் ஒரு காசுகூடத் திருடவில்லை. ஒழுங்கானவர், சிக்கனமானவர், நேரந்தவறாதவர். அத்தகைய ஒருவர் கையில் உண்மை எவ்வாறு மூடப்படுகிறது என்பதை இப்சன் படிப்படியாகக் காட்டுகிறார்.

முதற்படி, அறிக்கையை அலுவலகத்துக்குள் நிறுத்திவைத்தல். தம்பியின் அறிக்கை முழுப் பொய் என்று பீட்டர் சொல்வதில்லை. மிகைப்படுத்தப்பட்டது என்கிறார், தக்க நேரத்தில், தாங்கக்கூடிய செலவில், ஆட்சிக்குழு ஏதேனும் செய்யும் என்கிறார். அதுவரை வெளியே பேசலாகாது. பேசினால் ஊரின் பெயர் கெடும். பக்கத்து ஊர்கள் நம் வாடிக்கையாளரைக் கவர்ந்துகொள்ளும்.

இரண்டாம் படி, கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் திறந்து காட்டுதல். உள்ளூர்ச் செய்தித்தாளின் ஆசிரியர் ஹோவ்ஸ்டாட் அறிக்கையை வெளியிடத் துடிக்கிறார். அச்சக உரிமையாளர் அஸ்லாக்சனோ வீட்டுடைமையாளர் சங்கத்தின் பேராதரவை வாக்களிக்கிறார். அச்சகத்துக்கு வரும் நகரத் தலைவர் ஒரு தொகையைச் சொல்கிறார்: திருத்த வேலைக்கு இரண்டு மூன்று இலட்சம் குரோனர் ஆகும், இரண்டு ஆண்டுகளுக்குக் குளியல் நிலையம் மூடப்படும், செலவு நகர மக்களின் வரிப்பணத்திலிருந்தே வர வேண்டும். அஸ்லாக்சன் அந்த நொடியே மாறிவிடுகிறார். ஆசிரியர் அடுத்த நொடியில் மாறுகிறார். தலைவர் சொன்ன தொகை ஒருவேளை சரியாகவே இருக்கலாம். ஆனால் அது பாதிக் கணக்கு. நோயுற்றோர் எத்தனை பேர், நோய் பரவினால் ஊருக்கு நேரும் இழப்பு என்ன, கழிவை விட்டவர்கள் எவ்வளவு தர வேண்டும் என்ற மறுபாதி அந்த அறையில் பேசப்படவேயில்லை. பாதிக் கணக்கைச் சொல்பவன் பொய் சொல்லாமலேயே ஏமாற்ற வல்லவன் என்பதை இப்சன் நன்கு அறிந்திருந்தார்.

மூன்றாம் படிதான் என் கண் நின்ற இடம். எங்கும் மன்றம் கிடைக்காத நிலையில், கப்பல் தலைவர் ஹோர்ஸ்டரின் வீட்டில் பொதுக்கூட்டம் கூடுகிறது. மருத்துவர் தம் அறிக்கையை மக்கள்முன் வாசிக்க வந்திருக்கிறார். கூட்டத்துக்கு ஒரு தலைவர் வேண்டும் என்கிறார்கள். அச்சகத்து அஸ்லாக்சனே தேர்ந்தெடுக்கப்படுகிறார். உடனே நகரத் தலைவர் எழுந்து ஒரு தீர்மானம் முன்மொழிகிறார். குளியல் நிலையம் பற்றிய மருத்துவரின் அறிக்கையையோ உரையையோ கேட்பதில்லை என்று கூடியிருக்கும் குடிமக்கள் முடிவு செய்ய வேண்டுமாம்! கூட்டம் அதை ஆரவாரத்தோடு ஏற்கிறது.

வாசகர்கள் இவ்விடத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். காவலர் வந்து தாளைப் பறிக்கவில்லை. சட்டம் தடுக்கவில்லை. தலைவர் தேர்வு, முன்மொழிவு என மக்களாட்சியின் கருவிகளைக் கொண்டே அறிக்கை அடைக்கப்படுகிறது. இந்த ஒரு தீர்மானத்தோடு நகரத்தின் விதி முடிந்துவிட்டது. அதன்பின் நடப்பவை வெறும் விளைவுகள். முன்னர் நான் படித்தபோது, மருத்துவர் அடுத்து ஆற்றும் நீண்ட உரையை எதிர்பார்த்து இந்தத் தீர்மானத்தை விரைந்து கடந்துவிட்டேன். நாடகத்தைப் பார்ப்போரில் பலரும் அவ்வாறே கடக்கின்றனர் என்று எண்ணுகிறேன்.

அந்த உரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தண்ணீரைப் பற்றிப் பேச வாய்ப்பில்லை என்றதும் மருத்துவர் வேறு பொருளுக்குத் தாவுகிறார். ஊரின் ஆன்ம ஊற்றுகளே நஞ்சாகிவிட்டன என்கிறார். உண்மைக்கும் விடுதலைக்கும் பெருங்கேடு பெரும்பான்மையோரே என்கிறார். உயர்சாதி நாயையும் தெருநாயையும் ஒப்பிட்டு, எளிய மக்கள் பிறப்பிலேயே தாழ்ந்த அறிவினர் என்ற பொருள்படப் பேசுகிறார். எதிரே இருந்த கூட்டம் கொதிக்கிறது. அவரை மக்கள் பகைவர் என்று வாக்கெடுத்து அறிவிக்கிறது. எதிர்த்து விழுந்த ஒரே வாக்கு ஒரு குடிகாரருடையது.

குருமட நாட்களில் இவ்வுரையை வீரமாகக் கொண்டோம். இன்று இதை மருத்துவரின் தோல்வியாகவே காண்கிறேன். கூட்டத்துக்குத் தீங்கு விளைந்த அந்த வேளையில் அவர் கேட்டிருக்க வேண்டியது ஒன்றே: இந்தத் தீர்மானம் செல்லாது, அறிக்கையை வாசிக்க விடுங்கள். மீண்டும் மீண்டும் அதையே கேட்டிருக்கலாம். தாமே கையால் படியெடுத்து வீடுதோறும் கொடுத்திருக்கலாம். மாறாக, தம் அறிவின்மேல் கொண்ட பெருமிதத்தில், கேட்க உரிமையுள்ள மக்களையே இகழ்ந்தார். அதன்பின் நகரத் தலைவருக்குச் செய்ய வேறு வேலை இருக்கவில்லை. அண்ணன், மக்களுக்குத் தெரிய வேண்டியதில்லை என்று நினைத்தார்; தம்பி, மக்களுக்குப் புரியாது என்று நினைத்தார். இருவருடைய நினைப்பும் ஒரே இடத்தில்தான் வந்து முடிந்தது. இப்சனுக்கும் இது தெரியாததன்று. மருத்துவரும் தாமும் பலவகையில் ஒத்துப்போனாலும், அவர் தம்மைவிடக் குழம்பிய மனத்தினர் என்று தம் பதிப்பாளருக்கு அவரே எழுதியதுண்டு.

கூட்டத்தின் இறுதியில் ஒரு சிறு நிகழ்ச்சி. தோல் பதனிடும் கூடத்தின் உரிமையாளரும் மருத்துவருடைய மனைவியின் வளர்ப்புத் தந்தையுமான மார்ட்டன் கீல் என்னும் கிழவர் அருகே வந்து, என் கூடமும் அந்தக் கழிவில் சேர்த்தியா என்று கேட்கிறார். எல்லாவற்றிலும் மோசமானது அதுவே என்று விடை வருகிறது. ஊரார் கேட்க மறுத்ததை அறிந்துகொண்டவர் ஆதாயமும் இழப்பும் உடைய அந்த ஒருவர்தாம். அடுத்த நாளே அவர் குளியல் நிலையத்தின் பங்குகளை மலிவு விலைக்கு வாங்கிக் குவிக்கிறார். எந்த ஊரிலும் மூடிய கதவுக்குப் பின்னால் உள்ள செய்தி, தேவைப்பட்ட ஓரிருவருக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. தெரியாமல் போவது தண்ணீர் குடிப்பவர்களுக்கு மட்டுமே.

பின்வந்த கலைஞர்கள் இந்நாடகத்தைத் திருத்தியமைத்த முறைகளைப் பார்த்தால், அவர்களும் இதே இடத்தில் இடறினார்கள் என்பது தெரியும். அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் 1950இல் தம் தழுவலை மேடையேற்றினார். மாற்றுக்கருத்துடையோர் வேட்டையாடப்பட்ட காலம் அது. பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் பகுதிகளை அவர் நீக்கினார். மருத்துவர் தூய்மையானார்; ஆனால் அவருடைய பிழையைக் காணும் வாய்ப்பை நாம் இழந்தோம்.

நம் நாட்டின் சத்யஜித் ரே 1989இல் உருவாக்கிய 'கணசத்ரு' என்னும் வங்காளப் படம் இன்னும் ஆழமாகச் செல்கிறது. குளியல் நிலையத்தின் இடத்தில் அவர் ஒரு கோவிலை வைத்தார். சண்டிப்பூர் என்னும் ஊரில் மஞ்சள் காமாலை பரவுகிறது. கோவிலில் அடியார்க்கு வழங்கும் தீர்த்தத்தில் கழிவுநீர் கலந்திருப்பதை மருத்துவர் அசோக் குப்தா கண்டறிகிறார். கங்கை நீரும் துளசியும் சேர்ந்த தீர்த்தம் ஒருநாளும் கெடாது என்கின்றனர் கோவிலார். நகராட்சித் தலைவர் இங்கும் உடன்பிறந்தவரே. கூட்டத்தில் மருத்துவர் தண்ணீரைப் பற்றிய செய்திக்கு வருமுன்னரே, அவர் இந்துவா, கோவிலுக்குப் போவதுண்டா என்ற கேள்வி எழுப்பப்படுகிறது. அதோடு கூட்டம் திசைமாறிவிடுகிறது. என்ன சொல்கிறார் என்று கேட்பதற்கு முன் யார் சொல்கிறார் என்று கேட்பது, அறிக்கையை மூடும் மற்றொரு வழி. சமயத்தின் பெயரால் அது எவ்வளவு எளிதாக நடக்கிறது என்பதை, சமயப் பணியில் இருக்கும் என்போன்றோர் தலைகுனிந்தே பார்க்க வேண்டியுள்ளது.

ஆனால் ரே முடிவை மாற்றினார். இப்சனின் மருத்துவர், தனித்து நிற்பவனே வலியவன் என்ற எண்ணத்தோடு நிறைவு கொள்கிறார். ரேயின் மருத்துவர் தனித்து விடப்படவில்லை. இதழிலிருந்து விலகிய இளைஞர் ஒருவர் செய்தியை வெளியிட முன்வருகிறார். நாடகக் குழு இளைஞர்கள் மருத்துவரின் கட்டுரையை அச்சிட்டு வீடுதோறும் வழங்கத் துணிகிறார்கள். நோய்வாய்ப்பட்டிருந்த ரே, பெரும்பாலும் அறைகளுக்குள்ளேயே எடுத்த படம் இது. திறனாய்வாளர் சிலர் அசைவற்ற படம் எனக் குறை கூறினர். அக்குறையில் உண்மை உண்டு. எனினும் இப்சன் விட்டுவைத்த வழுவை ரே கண்டுகொண்டார் என்றே கருதுகிறேன். வீரர் தேவைப்படவில்லை, தாள் மக்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது.

ரேயின் படம் திரைக்கு வந்த சில ஆண்டுகளில், தாள் உண்மையாகவே மக்கள் நடுவே வாசிக்கப்பட்டது. இராஜஸ்தானில் 1990இல் தோன்றிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் உழைப்பாளர் அமைப்பு, 1994 டிசம்பரில் கோட் கிரானா என்னும் சிற்றூரில் முதல் பொது விசாரணையைக் கூட்டியது. நீண்ட உரைகள் அங்கே முதன்மை பெறவில்லை. வேலைத் திட்டங்களின் கூலிப் பட்டியல்களும் செலவுச் சீட்டுகளும் ஊரார்முன் உரக்க வாசிக்கப்பட்டன. பெயர் படிக்கப்பட்டவர் கூட்டத்திலேயே இருந்தார். அந்தக் கூலி தமக்கு வரவில்லை என்று எழுந்து சொன்னார். எழுத்தறியாதவரும் தம் பெயரைச் செவியால் கேட்டறிந்தார். 1996 ஏப்ரலில் பியாவர் என்னும் நகரில் நாற்பது நாள் அறப்போராட்டம் நடந்தது. பணம் எங்களுடையது, கணக்கும் எங்களுடையதே என்பது அவர்கள் கோரிக்கையின் சாரம். 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு ஊன்றப்பட்ட விதைகளுள் இது முதன்மையானது. ஒருவர் மனுச் செய்து கேட்பதற்கு முன்னரே அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டியவற்றை அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. ஹோர்ஸ்டரின் வீட்டில் நிறைவேறிய தீர்மானத்துக்கு அது நேர் எதிரானது.

இப்சனின் கூட்டத்தில் எழாத இன்னொரு கேள்வி, செலவை யார் ஏற்பது என்பது. மக்களின் வரிப்பணம் என்று நகரத் தலைவர் சொன்னதை எல்லாரும் அப்படியே ஏற்றனர். கழிவை விட்டவர் ஏன் தரக்கூடாது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தக் கேள்வி 114 ஆண்டுகளுக்குப் பின் நம் மண்ணில் எழுந்தது. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறி இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது உறுதி செய்தது. கணக்கின் மறுபாதியும் திறக்கப்பட்டால்தான் இத்தகைய கேள்வி பிறக்கும்.

இனி, சிறு நகரத்தார்க்கென ஒரு கவலை. 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புத் திருத்தங்கள் ஊராட்சிகளுக்குக் கிராம சபையை அளித்தன. தமிழகத்தில் குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள் ஆகிய நாட்களில் அது கூடுகிறது. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்க்கப்பட்டன. நகரங்களுக்கான திருத்தமோ, மூன்று இலட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள ஊர்களில்தான் வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கியது. சிற்றூருக்குச் சபை உண்டு; பெருநகருக்குக் குழு உண்டு; இடைப்பட்ட சிறு நகரத்துக்கு அரசியலமைப்பு எந்த மன்றத்தையும் கட்டாயமாக்கவில்லை. இப்சனின் நகரம் இத்தகையதே. தமிழக நகர்ப்புற உள்ளாட்சிகளில் பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1 அன்று முதன்முறையாக நடத்தப்பட்டன. நல்ல தொடக்கம். ஆனால் சபை கூடினால் மட்டும் போதாது என்பதையன்றோ இந்த நாடகம் காட்டுகிறது? வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கி, முன்பே எழுதிய தீர்மானங்களைப் படித்துக் கலைந்தால், அதுவும் ஹோர்ஸ்டர் வீட்டுக் கூட்டமே.

ஒரு மறுப்பு எழலாம். அறிக்கை வாசிக்கப்பட்டிருந்தால் அந்நகர மக்கள் நல்ல முடிவெடுத்திருப்பார்களா? எடுக்காமலும் போயிருக்கலாம். வரிக்கு அஞ்சி, தண்ணீர் கெட்டதாகவே இருக்கட்டும் என்று வாக்களித்திருக்கலாம். வெளிப்படைத்தன்மை மக்களை நல்லவர்களாக்கும் என்ற உறுதியை யாரும் தர முடியாது. ஆனால் கேட்டபின் எடுத்த முடிவுக்கு அவர்கள் பொறுப்பாளிகள். எங்களுக்குத் தெரியாது என்று பின்னர் எவரும் சொல்ல இயலாது. அறிக்கையை மூடிய தலைவர் மக்களின் தண்ணீரை மட்டும் கெடுக்கவில்லை. அவர்கள் பொறுப்பேற்கும் தகுதியையும் பறித்துக்கொண்டார். கேட்க மாட்டோம் என்று கைதட்டியவர்கள் அத்தகுதியைத் தாங்களே கையளித்தார்கள்.

இதை எழுதும்போது என் பங்கில் நடந்த ஒன்று நினைவில் உறுத்துகிறது. ஓராண்டு இறுதியில் திருப்பலிக்குப் பின் ஆலயக் கணக்கை அறிவித்தேன். மொத்த வரவு, மொத்தச் செலவு, மீதி என மூன்றே வரிகள். ஒளிக்க ஏதும் இல்லை. மக்களைக் காக்க வைக்க வேண்டாமே என்ற எண்ணம்தான். வெளியே வந்தபோது வயதான தாய் ஒருவர் நெருங்கி வந்தார். "சாமி, மொத்தம் சொன்னீங்க. எதுக்கு எவ்வளவுன்னு சொல்லலையே" என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. நான் சற்றுச் சினந்தே, பேரவையில் எல்லாம் பார்த்தாயிற்று அம்மா என்று பதில் சொன்னேன். அன்று நான் பேசியது நகரத் தலைவர் பீட்டரின் மொழி என்று தெரிந்துகொள்ள, நாடகத்தை மறுபடி படிக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு முதல் கணக்கு முழுவதும் ஆலய வாயிலில் ஒட்டப்படுகிறது. நின்று படிப்பவர் சிலரே. அச்சிலரில் அந்தத் தாய் இல்லை. அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. ஆகவே இப்போது வாசிக்கவும் செய்கிறோம்.

நாடகத்தின் கடைசி அங்கத்தில் மருத்துவரின் வீட்டுச் சன்னல்கள் உடைந்து கிடக்கின்றன. அவர் அறைக்குள் விழுந்த கற்களைப் பொறுக்கிச் சேர்த்து, பிள்ளைகளுக்கு மரபுரிமையாக விட்டுச்செல்ல எண்ணுகிறார். அந்தக் கற்களைவிட அவர் எழுதிய அறிக்கை மேலான மரபுரிமை. பட்டணமோ பேரூராட்சியோ, உங்கள் ஊரில் அடுத்த கூட்டம் கூடும்போது, உரைகள் தொடங்குமுன் எவரேனும் எழுந்து, அந்தத் தாளை முதலில் வாசியுங்கள் என்று கேட்கட்டும். அதற்கு வீரம் வேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பவரும் சேர்ந்து கேட்டால் போதும்.